பாண்டாவின் வயிறு சொல்லும் நேரம்: செங்டு முதல் வோலாங் வரை

முந்தைய நாள் மாலை – செங்டு நகரம், சிச்சுவான் மாகாணம், சீனா

பாண்டா பார்த்துவிட்டு வந்தவர்கள் அதிகம் சொல்லும் குறை ஒன்றுதான்: "தூங்கிக்கிட்டேதான் இருந்துச்சு." அது பொய்யில்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களை எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் 11 மணிக்கு மேல் என்பார்கள்.

பாண்டாவின் நாளை வகுப்பது அதன் வயிறு. கரடிக் குடும்பத்து விலங்கு அது. குடலும் இறைச்சி தின்னும் விலங்குக்கு உரிய குட்டைக் குடல்தான். ஆட்டின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல 25 மடங்கு இருக்கும். பாண்டாவுக்கு 4 முதல் 6 மடங்குதான். இந்தக் குடலை வைத்துக்கொண்டு மூங்கிலையே நம்பிப் பிழைக்கிறது. தின்றதில், உலர் எடைக்கு, சுமார் 17 சதவீதம்தான் உடம்பில் ஒட்டும். மிச்சம் அப்படியே வெளியே போய்விடும். அதனால் நிறையத் தின்ன வேண்டும், பிறகு அசையாமல் கிடக்க வேண்டும், எழுந்து மறுபடி தின்ன வேண்டும். இந்தச் சுற்றில் எந்தக் கட்டத்தில் நாம் போய் நிற்கிறோம் என்பதில்தான் பயணத்தின் பலன் இருக்கிறது. இந்த நான்கு நாள் திட்டம் அந்தச் சுற்றை வைத்தே போட்டது.

மாதமும் அப்படித்தான் தேர்ந்தது: அக்டோபர் கடைசி வாரம். அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவின் தேசிய விடுமுறை. அந்த வாரத்தில் பாண்டாவைவிட முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்க்க நேரும். ஜூலை, ஆகஸ்டில் வேறு சிக்கல். வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால் பாண்டாக்களை வெளியே விடமாட்டார்கள்; குளிரூட்டிய அறைக்குள் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கும். அக்டோபர் கடைசியில் செங்டுவில் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும், வானம் எப்போதும் மூடிக் கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிறந்த குட்டிகளும் அப்போது வெவ்வேறு வயதில் இருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் வாரங்கள் வருடத்தில் அதிகமில்லை.

இன்று மாலை செய்து முடிக்க வேண்டியவை: செங்டு பாண்டா ஆய்வு மையத்துக்கான டிக்கெட் (55 யுவான்) பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவாகும். வாயிலில் அச்சுப் பிரதி செல்லாது, அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால், காலையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் வார இறுதியில் ஏமாற நேரும். கைபேசியில் அலிபே செயலியை நிறுவி, நம் வங்கி அட்டையை இணைத்து, ஒரு தண்ணீர்ப் பாட்டிலாவது வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடம் இங்கே உதவாது. ஆமேப் செயலி வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு இப்போது 30 நாள் வரை தேவையில்லை.

தங்குமிடத்தை மெட்ரோ 3ஆம் தடத்தில் எடுங்கள். சுன்சி சாலை நிலையத்தை ஒட்டினால் சாப்பாட்டுக்கும் வசதி. பாண்டா அவென்யூ நிலையத்துக்கு வண்டி மாறாமல் போய்விடலாம். அங்கிருந்து மைய வாயிலுக்குப் பேருந்து உண்டு, டாக்சியும் கிடைக்கும்.

முதல் நாள் – செங்டு ஆய்வு மையம்: தின்பதைப் பார்ப்பது

வாயில் 7:30க்குத் திறக்கிறது. சீனா முழுவதும் பெய்ஜிங் நேரம் என்பதால், மேற்கே தள்ளியிருக்கும் செங்டுவில் அக்டோபர் கடைசியில் சூரியன் உதிக்கவே ஏழேகால் மணி ஆகிறது. ஆகவே 7:30 என்பது இங்கே விடியற்காலை. அந்த மங்கல் வெளிச்சத்தில் உள்ளே நுழைவதுதான் இந்தப் பயணத்தின் பாதி வெற்றி.

இந்த மையம் 1987இல் தொடங்கியது. எண்பதுகளில் காட்டில் பசியும் நோயுமாகக் கிடந்து மீட்கப்பட்ட ஆறு பாண்டாக்கள்தான் அதன் முதல் குடிகள். சமீபத்திய விரிவாக்கத்துக்குப் பிறகு பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர். ஒரே நாளில் அத்தனையையும் நடந்து பார்க்க ஆசைப்படக் கூடாது. தெற்கு வாயில் பழைய பகுதிக்கு அருகில். குட்டி அறைகளும் வளரிளம் பாண்டாக்களின் அடைப்புகளும் அந்தப் பக்கம். மேற்கு வாயில் புதியது, இடம் பெரிது, கூட்டம் குறைவு. முதல் நாளைக்குத் தெற்கு வாயில்.

ஹுவா ஹுவா என்ற பெண் பாண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூலை 4இல் பிறந்தவள். உருண்டை உடம்பு, குட்டைக் கால்கள். சீனா முழுக்க அவளுக்கு ரசிகர்கள். வாயில் திறந்ததும் ஓடுகிற கூட்டம் அவள் அடைப்பை நோக்கித்தான் ஓடுகிறது. வரிசை இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். நின்று பார்க்கக் கிடைப்பது சில நிமிடம். அவளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் வேறு எதையும் நினைக்காமல் நேரே அங்கே போங்கள். எங்கள் யோசனை வேறு: அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே இடத்தில் அடைந்திருக்கும் 7:30 முதல் 9:30 வரையான நேரம், மற்ற அடைப்புகளில் பாண்டாவும் நாமும் மட்டும் இருக்கும் நேரம். அதை வரிசையில் நின்று கழிப்பது பெரிய நஷ்டம்.

ஒரு வளர்ந்த பாண்டாவின் அடைப்பைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். எட்டு மணி வாக்கில் பராமரிப்பாளர் மூங்கில் கட்டுகளைப் போட்டுவிட்டு வெளியேறுவார், பிறகு கதவு திறக்கும். வந்ததும் பாண்டா உடனே தின்னாது. கட்டுகளை முகரும், ஒன்றை இழுக்கும், தள்ளும், வேறொன்றை எடுக்கும். பழைய இலை, காய்ந்த நுனி, பிடிக்காத இனம் எல்லாம் மூக்கிலேயே கழிந்துவிடும். போட்டதில் கணிசமான பங்கு தின்னப்படாமலே கிடக்கும். அதனால் தின்பதைவிட அதிகமாகவே போட வேண்டியிருக்கிறது. தேர்வு முடிந்ததும் மரத்திலோ மேடையிலோ முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி உட்காரும். அந்த இருப்பு கைகள் இரண்டையும் விடுவிப்பதற்காக.

இப்போது கையைப் பாருங்கள். ஐந்து விரலும் ஒரே பக்கம் வரிசையாக இருக்க, எதிர்ப்பக்கத்தில் மணிக்கட்டு எலும்பு ஒன்று புடைத்து, மேலே சதை மெத்தையோடு, கட்டைவிரல் வேலையைச் செய்கிறது. மூங்கில் அந்த இடுக்கில் பூட்டிக்கொள்ளும். இந்தப் பொய்க் கட்டைவிரல் ஏன் இன்னும் நீளமாக வளரவில்லை என்பது பழைய கேள்வி. யுன்னான் மாகாணத்தில் கிடைத்த, 60 முதல் 70 லட்சம் ஆண்டு பழமையான மூதாதைப் புதைபடிவம் பற்றி 2022இல் வெளியான ஆய்வு ஒரு விடை சொன்னது: அந்த மூதாதைக்கு அது இப்போதையதைவிட நீளம். பாண்டா அந்தக் கையாலேயே நடக்கவும் வேண்டும். நீண்ட எலும்பு நடைக்கு இடைஞ்சல். பிடிக்கும் அளவுக்கு நீளம், மிதிக்கும் அளவுக்குக் குட்டை என்று சமரசமாகி நிற்கிறது.

தின்னும் விதம் மூங்கிலின் பாகத்துக்கு ஒன்றாக மாறும். தண்டு என்றால் நாம் கரும்பு தின்பது போலவே: வாயின் ஓரத்தில் வைத்து, பச்சைத் தோலைப் பல்லால் நீளவாக்கில் உரித்துத் துப்பிவிட்டு, உள்ளே இருப்பதைக் கடவாயால் துண்டுதுண்டாகக் கடித்து நொறுக்கும். அந்தச் சத்தம் பத்து மீட்டருக்குக் கேட்கும். இலை என்றால் கிளையிலிருந்து வாயால் ஒவ்வொன்றாகப் பறித்து, விழுங்காமல் கடைவாய் ஓரத்தில் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு கற்றை சேர்ந்ததும் அதைக் கையில் எடுத்து, சுருட்டு பிடிப்பது போலப் பிடித்து, நுனியிலிருந்து கடிக்கும். குருத்து என்றால் உறையைச் சுற்றிச் சுற்றிக் கிழித்து எறிந்துவிட்டு வெள்ளைப் பகுதியை மட்டும் தின்னும். ஒரு குருத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அளவும் அப்படியே மாறுகிறது. நான்காம் நாள் நாம் போகப்போகும் வோலாங்கின் காட்டில் எண்பதுகளில் நடந்த ஆய்வுப்படி, இலை தின்னும் பருவத்தில் வளர்ந்த விலங்கு ஒரு நாளைக்கு 10 முதல் 14 கிலோ, தண்டுக்குச் சுமார் 17 கிலோ, வசந்தகாலக் குருத்து என்றால் 38 கிலோ. குருத்தில் தண்ணீர்தான் அதிகம், அதனால் அந்தக் கனம். உணவு குடலில் தங்கும் நேரமும் குருத்துக்குச் சுமார் 8 மணி, இலைக்குச் சுமார் 14 மணி. ஆகவே குருத்து தின்னும் பாண்டாவின் ஓய்வு துண்டு துண்டாக இருக்கும், இலை தின்பது நீளமாகத் தூங்கும். அடைப்பில் என்ன கிடக்கிறது என்று பார்த்தாலே, காத்திருக்கலாமா நகரலாமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சிச்சுவானில் சில மூங்கில் இனங்கள் இலையுதிர்காலத்தில் குருத்து விடும் என்பதால் அக்டோபரிலும் குருத்து கண்ணில் படுகிறது.

ஒன்பதரை மணிக்கு அந்த விலங்கு கையிலிருந்த தண்டை அப்படியே போட்டுவிட்டுக் கவிழ்ந்து படுத்தது. சோம்பேறித்தனம் என்று சிரிக்கிறார்கள், கணக்கு அது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பாண்டா ஒரு நாளில் செலவிடும் ஆற்றல் அதே எடையுள்ள பாலூட்டிக்கு எதிர்பார்ப்பதில் 38 சதவீதம்தான் என்று அளந்து காட்டியது. தைராய்டு சுரப்பு குறைவு. மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாமே உடம்புக்குச் சிறியவை. வரவு குறைவானதால் செலவையும் குறைத்திருக்கிறது. கொழுப்பைச் சேர்த்து வைக்க முடியாததால் மற்றக் கரடிகளைப் போல குளிர்கால நெடுந்தூக்கமும் அதற்குக் கிடையாது. பனியிலும் தின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.

11 முதல் 2 வரை அடைப்புகளைவிட்டு விலகிச் சாப்பிடப் போங்கள். பிற்பகலில் மறுபடி மூங்கில் போடுவார்கள்; அது காலையைப் போல நிச்சயமில்லை, ஆனால் கூட்டம் வடிந்திருக்கும். இன்று மூன்றரை மணிக்கு இரண்டாம் சுற்று தொடங்கியது.

படம் எடுப்பவர்களுக்கு: செங்டுவின் மேகமூட்டம் வரம்தான். வெயிலில் வெள்ளை எரிந்து, கறுப்புக்குள் கண் காணாமல் போகும். மூடிய வானத்தில் இரண்டும் அடங்கும். அப்போதும் கேமராவின் தானியங்கி அளவீடு ஏமாறும். கறுப்பு உடம்பு சட்டகத்தை நிறைத்தால் வெள்ளையை வெளுக்கவிடும். வெள்ளைக்கு அளந்து எடுத்துவிட்டு, கறுப்பைப் பின்னால் கணினியில் தூக்குங்கள். காலையில் வெளிச்சம் குறைவு, தின்னும் தலை ஓயாமல் ஆடும். 1/250 நொடிக்குக் கீழே போகாதீர்கள். உள்ளறையில் லென்ஸ் முனையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, கறுப்புச் சட்டை போட்டிருந்தால் பிரதிபலிப்பு போய்விடும். ஃபிளாஷ் கூடாது, எங்கேயும்.

இரண்டாம் நாள் – அதே மையம்: குட்டிகளும் வளரிளம்களும்

ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை ஏன் என்று கேட்கலாம். நேற்றுப் பார்த்த பெரியவை தனித்தனியாக வாழ்பவை. ஓடிப்பிடித்து உருள்வதைப் பார்க்க வேண்டுமானால் ஒன்றரை வயதுக்கும் சுமார் ஐந்து வயதுக்கும் இடைப்பட்டவற்றைப் பார்க்க வேண்டும். காட்டில் ஒன்றரை, இரண்டு வயதில் தாயைப் பிரியும். இங்கே அந்த வயதுக்காரர்களைக் கூட்டமாக விடுகிறார்கள். விளையாட்டு காலை 8 முதல் 10 வரைதான் உச்சம், அதனால்தான் அதற்கும் ஒரு தனிக் காலை வேண்டும்.

மூன்று மரத்தில் ஏறிக்கொண்டன, ஒன்று கீழே நின்று கடைசியில் ஏறுவதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தது. இழுபட்டது நான்கு மீட்டர் உயரத்திலிருந்து முதுகு பட விழுந்து, எழுந்து, மறுபடி ஏறியது. பார்ப்பவர்கள் பதறுவார்கள். உருண்ட உடம்பும் கனத்த தோலும் அடர்ந்த மயிரும் இதைத் தாங்கும். கிளை நுனியில் கால் நான்கும் தொங்கத் தூங்குவதும் அப்படியே இயல்பு. காட்டில் குட்டிக்கு மரம்தான் பாதுகாப்பான இடம், தாய் மேயப் போகும்போது குட்டி மணிக்கணக்கில் மேலேயே கிடக்கும்.

குட்டி அறையில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், நிற்கவிட மாட்டார்கள். அந்தச் சில நொடிகளில் எதைப் பார்ப்பது என்று முன்பே தெரிந்திருந்தால் நிறையக் கிடைக்கும். செப்டம்பரில் பிறந்தது ஒரு மாதத்தைத் தாண்டியிருக்கும்: கறுப்பு வெள்ளை திட்டமாகத் தெரியும், ஆனால் கண் மூடியே இருக்கும், கண் திறக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஜூலையில் பிறந்தது மூன்று மாதம் தாண்டியிருக்கும்: கண் திறந்து, முன்னங்காலை ஊன்றி நெஞ்சைத் தூக்கப் பார்க்கும், பின்னங்கால் இன்னும் பேச்சுக் கேட்காது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வளர்ச்சியின் வேகம் புரியும். பிறக்கும்போது சராசரி எடை 100 கிராம் வாக்கில், தாயின் எடையில் ஏறக்குறைய 900இல் ஒரு பங்கு. மயிரே இல்லாத இளஞ்சிவப்பு உடம்பு. 2019 ஜூனில் இதே மையத்தில் 42.8 கிராமில் ஒரு குட்டி பிறந்து பிழைத்தது. பெயர் செங் லாங். ஒரு கோழிமுட்டையைவிட இலேசு.

இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் வேலைதான் பாண்டா வளர்ப்பின் போக்கையே மாற்றியது. பெண் பாண்டாவுக்குப் பருவம் வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில். கருத்தரிக்க ஏற்ற நேரம் ஒன்றிலிருந்து மூன்று நாள். பிரசவங்களில் சுமார் பாதி இரட்டை. ஆனால் தாய் ஒன்றைத்தான் எடுத்து வளர்க்கும்; காட்டில் மற்றது செத்துப்போகும். கொழுப்புச் சேமிப்பும் போதிய பாலும் இல்லாத உடம்புக்கு இரண்டு குட்டி கட்டுப்படியாகாது. முதலில் தனியே எடுத்துப் புட்டிப்பாலில் வளர்த்துப் பார்த்தார்கள். தாயின் சீம்பாலில் இருக்கும் நோயெதிர்ப்பு கிடைக்காமல் பல குட்டிகள் இறந்தன. பிறகு வந்த முறை மாற்றி வைப்பது. ஒரு குட்டி தாயிடம், ஒன்று இன்குபேட்டரில். தேன் கலந்த தண்ணீரைக் காட்டித் தாயின் கவனத்தைத் திருப்பி, மடியிலிருப்பதை எடுத்து மற்றதை வைப்பார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை, வாரக்கணக்கில். இரண்டுக்கும் தாய்ப்பால், இரண்டுக்கும் தாயின் நாக்கு. நாக்கு என்று சொல்லக் காரணம் உண்டு: பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது, தாய் நக்கித் தூண்ட வேண்டும். இன்குபேட்டரில் இருக்கும்போது அந்த வேலையை ஈரப் பஞ்சால் மனிதர்கள் செய்கிறார்கள்.

சீனாவில் முதல்முறையாக விலங்குக்காட்சியகத்தில் பாண்டாக் குட்டி பிறந்தது 1963 செப்டம்பர் 9, பெய்ஜிங்கில். செயற்கைக் கருவூட்டலில் முதல் வெற்றி 1978, அதுவும் பெய்ஜிங்கில். இன்று உலகம் முழுவதும் வளர்ப்பில் இருப்பவை 700ஐத் தாண்டிவிட்டன. வெப்பநாட்டிலும் முடிகிறது: சிங்கப்பூரின் ரிவர் ஒண்டர்ஸ் விலங்குக்காட்சியகத்தில் குளிரையும் பகல் வெளிச்சத்தின் நீளத்தையும் பருவத்துக்கேற்ப மாற்றி வைத்து, 2021 ஆகஸ்ட் 14இல் லெ லெ என்ற ஆண் குட்டி பிறந்தது. 2024 ஜனவரியில் அது சீனாவுக்கு வந்துவிட்டது.

செம்பாண்டா பகுதியையும் இன்றே பார்த்துவிடலாம். நடைபாதையைக் கடந்து அவை பாட்டுக்கு ஓடும். தொடக் கூடாது, கடிக்கும். பெயரில் மட்டுமே உறவு. இது கரடி இல்லை, தனிக் குடும்பம். ‘பாண்டா’ என்ற பெயர் முதலில் இதற்குத்தான் 1825இல் வைக்கப்பட்டது, பெரியது பின்னால்தான் அதை வாங்கிக்கொண்டது.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். தூங்கும் பாண்டாவை எழுப்பக் கூச்சலிடுவதும், கண்ணாடியைத் தட்டுவதும், தின்பண்டம் எறிவதும் இன்றும் நடந்தது. 2024 ஜூனில் இப்படிச் செய்த 12 பேருக்கு இந்த மையம் வாழ்நாள் தடை விதித்தது, சரியான முடிவு. நார் செரிக்கவே போராடும் குடலில் பிளாஸ்டிக் உறை போனால் என்ன ஆகும் என்று எறிகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் – டூஜியாங்யான்: முதியவையும் நோயாளிகளும்

ஷிபு நிலையத்திலிருந்து (மெட்ரோ 2ஆம் தடம்) சிங்செங்ஷான் வரை அதிவேக ரயில், அரை மணி நேரம் போல. அங்கிருந்து டாக்சியில் சிறிது தூரம். நுழைவு 58 யுவான். கூட்டம் செங்டுவோடு ஒப்பிடவே முடியாது. மரநிழலில் அமைதியாக நடக்கலாம். சீனப் பாண்டா பாதுகாப்பு ஆய்வு மையத்தின் கிளை இது. நோய்த் தடுப்பு, மீட்பு, முதுமைப் பராமரிப்பு என்று பணி வேறு. வெளிநாடுகளிலிருந்து திரும்பியவை பலவும் இங்கே உண்டு.

கிழட்டுப் பாண்டாவை அடையாளம் காண வாயைப் பாருங்கள். மூங்கிலில் உள்ள மணற்சத்து பல்லைத் தேய்த்துவிடும். காட்டில் 20 வயதை எட்டுவதே பெரிது; வளர்ப்பில் 30 சாத்தியமாவதற்குச் சாப்பாட்டை மாற்றிக் கொடுப்பது ஒரு முக்கியக் காரணம். தண்டைப் பிளந்து கொடுப்பார்கள், மென்மையான குருத்தும் இளம் இலையும் தேடித் தருவார்கள். வோவோதோ என்ற ரொட்டியும் உண்டு: சோளம், சோயா, அரிசி மாவுகளைக் கலந்து இட்லி போல ஆவியில் வேகவைப்பது. ஆப்பிள், கேரட் சிறிதளவு. இவை எல்லா வயதுக்கும் உண்டு, ஆனால் மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான். இனிப்பு பாண்டாவுக்குப் பிடிக்கும். இறைச்சியின் சுவையை உணர உதவும் மரபணு ஒன்று அதில் செயலிழந்துவிட்டது என்பது 2010இல் வெளியான மரபணுத் தொகுப்பில் தெரிந்தது.

பான் பான் என்ற ஆண் பாண்டா வாழ்ந்து முடித்தது இங்கேதான். காட்டில் பிறந்து எண்பதுகளில் மீட்கப்பட்டு, 2016 டிசம்பர் 28இல் 31 வயதில் இறந்தபோது பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று 130க்கு மேல். ஒரே ஆணின் வழி இத்தனை என்பது பெருமையோடு கவலையும்கூட. அதனால்தான் எதை எதோடு சேர்ப்பது என்று இப்போது வம்சப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

இன்று ஓர் அடைப்பில் நடுவயதுப் பாண்டா பத்து மணிக்கும் மூங்கிலைத் தொடவில்லை. வயிற்றை மண்ணில் அழுத்திப் படுத்திருந்தது. சுற்றியிருந்தவர்களுக்கு அதுவும் தூக்கம்தான். பாண்டாக்களுக்கு அவ்வப்போது குடலின் உட்படலம் சளிபோலக் கழன்று வெளியேறும். கழியும் வரை வயிறு வலிக்கும், ஒரு நாள் வரைகூடத் தின்னாது, கழிந்ததும் பழையபடி தின்னத் தொடங்கிவிடும். கூரிய நார் ஓயாமல் உரசும் குடலுக்கு இது வழக்கம். இப்படிப்பட்ட விலங்கின் முன்னால் காத்திருப்பதில் பயனில்லை. அடுத்ததற்கு நகருங்கள், பிற்பகலில் திரும்பி வந்து பாருங்கள்.

நோய்த் தடுப்பை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறார்கள் என்பதற்கு 2014 டிசம்பரில் ஷான்சி மாகாண மையம் ஒன்றில் பரவிய நாய் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஒரு காரணம். சில வாரங்களில் பல பாண்டாக்கள் இறந்தன. நுழைவில் கிருமிநாசினிப் பாயை மிதிக்கச் சொன்னால் சுற்றிப் போகாதீர்கள்.

இரவு டூஜியாங்யானிலேயே தங்குவது நல்லது. நாளைக்கு மலைப்பாதை.

நான்காம் நாள் – வோலாங், ஷென்ஷூபிங்

காரை முன்பே பேசி வைத்திருந்தோம். யிங்ஷியு வழியாக மலைக்குள் ஏறும் சாலை. 2008 மே 12 நிலநடுக்கத்தின் மையப்புள்ளி யிங்ஷியு. இடிந்த பள்ளிக் கட்டடத்தை அப்படியே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். வோலாங்கின் பழைய ஹெதாவ்பிங் மையமும் அன்று பாறைச்சரிவில் சிதைந்தது, மாவ் மாவ் என்ற தாய் பாண்டா இறந்தது, மற்றவற்றை யாஆன் அருகே பிஃபெங்ஷியாவுக்கு மாற்றினார்கள். இப்போது நாம் போகும் ஷென்ஷூபிங் மையத்தை அதற்குப் பிறகு கட்டி 2016இல் பார்வையாளருக்குத் திறந்தார்கள். நுழைவு 90 யுவான். மழைக்காலத்தில் இந்தப் பாதையை நம்ப முடியாது. 2019 ஆகஸ்ட் 20 வெள்ளத்திலும் மண்சரிவிலும் சாலை பலத்த சேதமடைந்தது. ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள்.

உயரம் சுமார் 1,700 மீட்டர். செங்டுவைவிடப் பல டிகிரி குளிர். மேலே ஒரு சட்டையும் மழைக்கோட்டும் வேண்டும், செருப்பு போதாது, வழுக்காத ஷூ வேண்டும். நடைபாதை ஏற்றமும் படியுமாக இருக்கும். வாயில் செங்டுவைப் போல விடியலில் திறப்பதில்லை. ஆனால் குளிரின் தயவால் பாண்டாக்கள் பகலில் அதிக நேரம் விழித்திருக்கின்றன. அடைப்புகள் பெரியவை, பின்னணியில் கம்பியும் சுவரும் குறைவு, மூடுபனி இறங்கும்போது காடே சட்டகத்துக்குள் வந்துவிடும். முழுப் பயணத்துக்கும் ஒரே ஓர் இடம்தான் வாய்க்கும் என்றால் இதைத்தான் சொல்வோம். பனிக்கும் நிழலுக்கும் நடுவே அந்தக் கறுப்பு வெள்ளை எப்படிக் கரைகிறது என்பது இங்கேதான் கண்ணுக்குப் புலப்படுகிறது.

கொரியப் பயணிகள் நிறைய. கொரியாவில் 2020 ஜூலையில் பிறந்து 2024 ஏப்ரல் 3இல் இங்கு வந்த ஃபூ பாவைப் பார்க்க வருகிறார்கள். அவள் அடைப்புக்கு மட்டும் வரிசையும் நேர வரம்பும் உண்டு. முதலில் அதை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள், மதியத்துக்கு மேல் வரிசை நீளும்.

வோலாங்கில் பார்வையாளர் பார்க்க முடியாத வேலை ஒன்று, சீரமைத்த பழைய ஹெதாவ்பிங்கில் நடக்கிறது: காட்டுக்குத் திருப்பி அனுப்பும் பயிற்சி. 2006 ஏப்ரலில் ஷியாங் ஷியாங் என்ற ஆணை விட்டார்கள். காட்டுப் பாண்டாக்களோடு சண்டையில் காயப்பட்டு, 2007 பிப்ரவரியில் பிணமாகக் கிடைத்தது. மனிதரிடம் வளர்ந்த விலங்கைப் பெரிதானபின் பழக்குவது தாமதம் என்பது அதில் கற்ற பாடம். அதற்குப் பிறகு தாயையே பயிற்சி அடைப்பில் ஈனவிட்டு, குட்டியைத் தாயிடம் மட்டும் வளரவிடுகிறார்கள். எடை பார்க்கவோ மருத்துவத்துக்கோ போகும் ஊழியர்கள் பாண்டா உடை அணிந்து, பாண்டாவின் சிறுநீரையும் மலத்தையும் அதில் பூசிக்கொண்டு போவார்கள். உடையைவிட வாடைதான் முக்கியம். பாண்டாவின் உலகம் பெரிதும் மூக்கால் ஆனது. இப்படி வளர்ந்த தாவ் தாவ் 2012 அக்டோபரில் லிசிபிங் காப்பகத்தில் விடப்பட்டது. ஐந்து ஆண்டு கழித்து 2017 டிசம்பரில் பிடித்துச் சோதித்தபோது திடமாக இருந்தது.

லிசிபிங்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2011 முதல் 2014 வரை நடந்த நான்காம் தேசியக் கணக்கெடுப்பில் காட்டில் 1,864 பாண்டாக்கள். சிச்சுவானில் மட்டும் 1,387. ஆனால் அவை சாலையாலும் பள்ளத்தாக்காலும் வெட்டுண்டு 33 குழுக்களாகப் பிரிந்து கிடக்கின்றன. லிசிபிங் இருக்கும் ஷியாவ்ஷியாங்லிங் மலையில் உள்ளவை மிகச் சில; வெளியிலிருந்து புது ரத்தம் போகாவிட்டால் அந்தக் குழு நிலைக்காது. 2021 அக்டோபரில் அமைந்த பாண்டா தேசியப் பூங்கா இந்தத் துண்டுகளை ஒட்டவைக்கும் முயற்சி. மூங்கில் பல பத்தாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துச் சாகும். 1983இல் வோலாங்கில் அம்பு மூங்கில் பூத்துப் பட்டுப்போனது. போக வழி இருந்தால் பாண்டா வேறு மூங்கில் இருக்கும் உயரத்துக்கு நகர்ந்துகொள்ளும், வழி அடைபட்டால் பட்டினிதான்.

கண்ணில் படாத விலங்கை எப்படி எண்ணினார்கள் என்பதற்கு விடை, இங்கே அடைப்பு ஓரத்தில் கிடக்கும் உருண்டைகளில் இருக்கிறது. இரண்டு முனையும் கூம்பிய, கைக்கு அடங்கும் பச்சைக் கட்டிகள். நாற்றமில்லை, வெட்டிய புல்லின் வாசம். உற்றுப் பார்த்தால் மூங்கில் துண்டுகள் கடித்த நீளத்திலேயே தெரியும். வளர்ந்தது நீளமாகக் கடிக்கும், குட்டி குட்டையாகக் கடிக்கும்; ஒவ்வொன்றுக்கும் கடியின் சராசரி நீளம் கொஞ்சம் வேறுபடும். காட்டில் எடுத்த கட்டியைப் பிரித்து, துண்டுகளை அளந்து, இரண்டு கட்டிகள் ஒரே விலங்கினுடையவையா வேறா என்று பிரிப்பார்கள். நான்காம் கணக்கெடுப்பில் மலத்திலிருந்து டிஎன்ஏ எடுத்தும் சரிபார்த்தார்கள்.

நாலு மணிக்குப் பனி இறங்கியது. பராமரிப்பாளர் உள்கதவைத் தட்டிக் குரல் கொடுத்தார். மேடையில் கிடந்தது எழுந்து, நின்று, கடைசியாக ஒரு தண்டை வாயில் கவ்விக்கொண்டே உள்ளே போனது. கதவு அடைந்ததும் அவர் கூடையோடு வந்து, தின்னாமல் விட்ட மூங்கிலை ஒரு பக்கமும், பச்சைக் கட்டிகளை ஒரு பக்கமும் வாரத் தொடங்கினார்.